டம்ளர் நாச்சிமுத்துவின் காது

ஆனி 3, செவ்வாய்

பி.பி. ஏறியிருக்கிறது, கோபம் வந்தால் வாயைத் திறக்காமல் ஒரு நோட்டில் எழுதுங்கள் என்றார் டாக்டர். பைப் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி ஆறு மாதமாகக் கடையில் கிரீஸ் டப்பாவுக்கு மூடியாகக் கிடந்தது. துடைத்து எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'கசிவில்லாத வாழ்க்கை' என்று அச்சடித்திருக்கிறான். பார்க்கலாம்.

என் பெயர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்து மூன்று. காங்கேயத்துக்குத் தெற்கே கல்லாங்காட்டுப்புதூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஊரில் யாரும் என்னை அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. டம்ளர்க்காரர் என்பார்கள். அதற்கு நானே காரணம்.

இந்த டைரியைக் கொடுத்தவன் மெட்ராஸ் ஆள். தப்பித் தவறி அவன் படித்தால் புரிய வேண்டுமே என்று எழுதுகிறேன். எங்கள் பக்கத்துச் செம்மண் காட்டில் கல்தின்னி என்று ஒரு பிராணி உண்டு. பன்றிக்குட்டி அளவு, தேங்காய் நார் மாதிரி மயிர், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மூக்கு. பயந்தால் பின்பக்கமாக நடக்கும். பகலெல்லாம் தூங்கி எழுந்து சரளைக் கல்லைத் தின்னும். நாற்பது வருடம் உயிரோடு இருக்கும். எப்போதாவது ஒன்றின் வயிற்றில் அந்தச் சரளை நல்ல விலை போகும் மணியாக விளையும். அதை எடுக்க வேண்டுமானால் அறுக்க வேண்டும். அறுப்பதும் அமாவாசையில்தான், மற்ற நாளில் அறுத்தால் மணி கரைந்து சரளையாகிவிடும் என்பது ஊர் நம்பிக்கை.

இன்று பழனாத்தாள் அக்கா வீட்டில் விருந்து. அவள் மகன் சென்னியப்பனுக்குப் பெண் பார்க்கும் பேச்சு, தாராபுரத்திலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். தாய்மாமன் என்று என்னையும் உட்கார வைத்தார்கள். வந்தவர்களில் மீசைக்காரர் ஒருவர், "நீங்கதான் டம்ளர் வெச்சுக் கேக்கறவருங்களா?" என்றார். இதற்கு மேல் ஒரு மனிதனால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? அக்காவின் கல்தின்னி தொப்பையன் வேப்ப மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ரசம் குடித்த டம்ளரைக் கழுவி அதன் வயிற்றில் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் காதை வைத்து, கண்ணை மூடி, மூன்று எண்ணும் நேரம் மூச்சை அடக்கி, பிறகு "இருக்குது" என்றேன்.

எனக்கு இன்னொரு துண்டு கோழி வைத்தார்கள். சென்னியப்பன் வரும் அமாவாசைக்கே நாள் குறித்துவிட்டான். அவனுக்குச் சொந்தமாகத் தறி போட வேண்டும், அடுத்தவன் கொட்டகையில் பத்து வருடமாக ஓட்டுகிறான். அக்கா சாப்பிடவில்லை.

எனக்கு என்ன கேட்டது என்பதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

ஆனி 4, புதன்

காலையில் அக்கா மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். ஓடவில்லை என்றாள். ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினேன், ஓடியது. அப்புறமும் போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மாமா இறந்து பதினோரு வருடமாகிறது. அன்றிலிருந்து அந்தப் பிராணிதான் அவள் கட்டிலை ஒட்டிப் படுக்கிறது. இது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும், செவ்வாய்க்கிழமை மட்டும் மறந்துபோனது.

"ஏண்டா நாச்சி, உனக்கு நெஜமாலுமே கேட்டுதா?"

"கேட்டுதுக்கா."

"என்ன மாதிரிக் கேட்டுது?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. "கணீர்னு. கோயில் மணி அடிச்சாப்பல," என்றேன்.

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்திலிருந்து என்னவோ இறங்கிய மாதிரி இருந்தது. கோபமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"மணி அடிச்சாப்பல," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "சரி. இருந்தா பையன் எடுத்துக்கட்டும். இல்லாத ஒண்ணுக்காக அது சாகக் கூடாது. அதை நீ பாத்துக்க." மிக்ஸியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு மோனோபிளாக் பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டினேன். சுற்று எண்ணிக்கை மூன்று முறை தப்பியது.

ஆனி 5, வியாழன்

கரண்ட் இல்லை. வேலை இல்லை. கோபமும் இல்லை, ஆகையால் எழுத ஒன்றுமில்லை.

ஆனி 6, வெள்ளி

ராமாத்தாள் இரவல் கேட்பதுபோல வந்து நின்றாள். என் மனைவி இப்படி நின்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"ஏனுங்க, ராத்திரியெல்லாம் தூக்கத்துல சரளை சரளைங்கறீங்களே, என்னங்க அது?"

பி.பி. மாத்திரை என்றேன்.

சரி, எழுதித் தொலைக்கிறேன். டாக்டர் சொன்னாரே. மோட்டாரில் பேரிங் போய்விட்டதா என்று பார்க்க ஸ்குரூ டிரைவரை மோட்டார் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்போம். எல்லா மெக்கானிக்கும் செய்வது. மூன்று வருடத்துக்கு முன்னால் கிட்டுசாமி வீட்டுக்கு மோட்டார் மாட்டப் போனபோது டீ குடித்த டம்ளரைச் சும்மா விளையாட்டுக்கு அவர்கள் கல்தின்னி மேல் வைத்து, "உள்ள ஒண்ணு உருளுதுங்கோ" என்றேன். அந்த அமாவாசைக்கு அறுத்தார்கள். நெல்லிக்காய் அளவில் வெளிர்நீல மணி வந்தது. அன்றைக்கே எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வையை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன், வெட்கங்கெட்டவன்.

அதற்குப் பிறகு ஆறு வீட்டில் டம்ளர் வைத்தேன். ஆறிலும் இருக்குது என்றேன். இல்லை என்று சொன்னால் காப்பிகூட ஆறித்தான் வரும். ஆறும் அறுத்தார்கள். ஆறிலும் சரளைதான். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. நேரம் தவறிப்போச்சு, கத்தி சரியில்லை, அமாவாசை முடிஞ்ச பிறகு அறுத்துட்டம் என்று அவர்களே ஏதாவது சொல்லிக்கொண்டார்கள். நான் தலையை ஆட்டினேன்.

ஏழில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிகிறவனுக்குக்கூட இதைவிட நன்றாக விழும்.

ஆனி 7, சனி

துணிந்து சென்னியப்பனிடம் போனேன். தறிக் கொட்டகைச் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது. "மாப்பிள்ளை, அன்னிக்குச் சரியாக் கேக்கல. மறுபடி பார்த்தேன். ஒண்ணும் இல்ல," என்றேன்.

தறியை நிறுத்தினான். சிரித்தான்.

"மாமா, பங்கு வேணும்னா நேராக் கேளுங்க. இல்லைன்னு சொல்லிட்டு, பொறகு வேற ஆளை விட்டு வாங்கறதெல்லாம் சந்தைத் தரகன் செய்யற வேலை."

அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊர் மாட்டுச் சந்தையில் எந்தத் தரகனும் நல்ல மாட்டைப் பார்த்து நல்ல மாடு என்று சொன்னதில்லை. சுழி சரியில்லை, பல் விழுந்துவிட்டது என்பான். அவன் எவ்வளவு குறை சொல்கிறானோ அவ்வளவுக்கு மாடு நல்லது என்று எடுத்துக்கொள்வார்கள். டம்ளர்க்காரன் வாயால் இல்லை என்று வந்ததை ஊர் முதல்முறையாகக் கேட்டிருக்கிறது. அதற்கு அவர்கள் வேறு என்ன அர்த்தம் எடுப்பார்கள்?

ஆனி 8, ஞாயிறு

காங்கேயத்திலிருந்து மணி வியாபாரி ஒருத்தர் கார் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். "டம்ளர்க்காரரே இல்லைன்னுட்டாராமா? அப்ப பெரிசா இருக்கும்," என்றாராம். சென்னியப்பன் கொடுக்கவில்லை. தொப்பையன் கழுத்தில் யாரோ மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறார்கள்.

நான் வாயைத் திறந்தால் விலை ஏறுகிறது. இனி தண்ணீர் குடிக்க மட்டும் திறப்பதாக இருக்கிறேன்.

ஆனி 9, திங்கள்

விஞ்ஞானத்திடம் போகலாம் என்று முடிவு செய்தேன். அக்காவிடம் கேட்டேன், கொண்டு போ என்றாள். தொப்பையனை உரச் சாக்கில் போட்டுத் தலையை மட்டும் வெளியே விட்டு மொபட்டின் முன்பக்கத்தில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பன்னிரண்டு கிலோமீட்டர். பாரம் தாங்காமல் மேட்டில் இறங்கித் தள்ளினேன். அது மூக்கை நீட்டிக் காற்றை முகர்ந்துகொண்டு, ஏதோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்தது. வழியில் ஜல்லி லாரி ஒன்று முந்தியபோது மட்டும் எட்டிப் பார்த்து நாக்கை நீட்டியது.

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். படம் முழுக்க வெள்ளை.

"வயிறு பூரா ஜல்லிங்க. இதுல எது மணி, எது மண்ணுன்னு யாரால சொல்ல முடியும்?"

"மணி இல்லைன்னு மட்டும் ஒரு சீட்டு எழுதிக் குடுங்களேன்."

"இருக்குன்னும் எழுத முடியாது, இல்லைன்னும் எழுத முடியாதுங்க. ஆரோக்கியமா இருக்குன்னு வேணா எழுதித் தர்றேன்."

எழுதித் தந்தார். ஐந்து நாளில் அறுக்கப் போகிற பிராணிக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று சீட்டோடு திரும்பி வந்தேன்.

ஆனி 10, செவ்வாய்

இன்று செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் டைரி ஏற்கனவே பாதி நாறிவிட்டது.

நடுப்பகலில் அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். சென்னியப்பன் தறியில். நான் பின்பக்கப் படல் கதவைத் திறந்து, "போடா தொப்பையா, காட்டைப் பார்த்து ஓடிரு," என்றேன். அது உட்கார்ந்து என்னைப் பார்த்தது. கையைத் தட்டினேன். பயந்துவிட்டது. பயந்தால் பின்பக்கமாக நடக்கும் என்று முதல் நாளே நான்தான் எழுதியிருக்கிறேன். படலை விட்டுப் பின்னால் பின்னால் போய் அக்காவின் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. நான் முன்பக்கமாகப் போய் அந்தப் பக்கமிருந்து விரட்டலாம் என்று கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தேன். அப்போது ரேஷன் பையோடு அக்கா வந்துவிட்டாள்.

"நாச்சி, என்னடா தேடறே?"

"செருப்பு."

அவள் என் காலைப் பார்த்தாள். இரண்டு செருப்பும் காலில் இருந்தன. போய்ப் படலைச் சாத்தினாள். அப்புறம் முறத்தில் சரளையைக் கொட்டிப் புடைக்க ஆரம்பித்தாள். கூர்க்கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு உருண்டைக் கல்லாக ஒரு கொட்டாங்குச்சியில் போட்டு வைத்தாள். அது கட்டிலுக்கு அடியிலிருந்து முன்பக்கமாக வந்து தின்றது.

ஆனி 11, புதன்

பி.பி. பார்த்தேன். ஏறியிருக்கிறது. இந்த டைரியால் ஒரு பயனும் இல்லை என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஆனி 12, வியாழன்

வேலப்பன் கடைக்கு வந்திருந்தான். டேபிள் ஃபேன் சுற்றவில்லை. நான் சொல்லி அறுத்த ஆறில் அவனுடையது மூன்றாவது. கண்டன்சர் மாற்றிக்கொண்டே, சும்மா கேட்பதுபோல, "உங்கூட்டுல இருந்துதே, அதுக்கு என்ன பேரு வெச்சிருந்தீங்க?" என்றேன்.

"சின்னான்," என்றான். "ஏன் கேக்கறீங்க?"

சும்மாத்தான் என்றேன். ஃபேன் சுற்றியது. அவன் போன பிறகு மற்ற ஐந்து பேர் வீட்டுக்கும் ஒவ்வொரு சாக்கு வைத்துப் போய்க் கேட்டு வந்தேன். ஒருத்தர் மகள் வைத்த பெயர் என்று போட்டோவே எடுத்துக் காட்டினார். வரிசையாக எழுதுகிறேன்: கறுப்பி, லட்டு, சின்னான், மேஸ்திரி, பாப்பா, கூர்மூக்கன்.

மூன்று வருடமாக இவற்றை நான் ஆறு என்றுதான் வைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. கடையில் ஆள் இல்லை, அழுதேன்.

ஆனி 13, வெள்ளி

சாயங்காலம் மாகாளியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். சென்னியப்பன் நாளைக்காகப் பூசைச் சாமான் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். அக்காவும் வந்திருந்தாள். நான் எல்லார் முன்னாலும் போய் நின்றேன். 

"தொப்பையன் வயித்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. கேட்டுதுன்னு சொன்னது பொய்," என்றேன்.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சென்னியப்பன் சலித்துக்கொண்டான். "மாமா, இன்னிக்கும் அதே பேச்சா? நெஜம்னா சூடத்தை அணைச்சுச் சொல்லுங்க."

எங்கள் ஊரில் அதற்கு மேல் சாட்சி கிடையாது. அம்மன் முன்னால் எரிகிற சூடத்தை வெறும் உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால் ஊர் நம்பித்தான் ஆக வேண்டும். பொய்யாக அணைத்தவன் குடும்பம் என்ன ஆகும் என்று ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். நான் மறுத்திருந்தால் தரகன் வேலை என்பது உறுதியாகியிருக்கும்.

பூசாரி தட்டில் சூடம் ஏற்றினார். ஒரு கட்டி போதும், அவர் கைநிறைய வைத்தார்.

"எனக்கு எந்தக் கல்தின்னி வயித்துலயும் எந்தச் சத்தமும் கேட்டதில்ல," என்றேன். "கிட்டுசாமி ஊட்டுது குருட்டாம்போக்குல வந்தது. கறுப்பி, லட்டு, சின்னான், மேஸ்திரி, பாப்பா, கூர்மூக்கன். ஆறும் என்ற வாயாலதான் செத்துது. நேரமும் கத்தியும் ஒண்ணும் பண்ணல. நாந்தான்." அடித்து அணைத்தேன்.

வேலப்பன் என் பக்கத்தில் வந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அறுக்கறப்ப நான் அதைப் பிடிச்சுக்கிட்டேன். என்ற கையை நக்கிச்சு," என்றான். அவ்வளவுதான். போய்விட்டான்.

சென்னியப்பன் பூசைப் பையைப் பூசாரியிடமே கொடுத்துவிட்டான். என்னிடம் பேசவில்லை. இரண்டு வருடத்துக்குப் பேசமாட்டான் என்று நினைக்கிறேன், அது அவன் உரிமை.

ஆனி 14, சனி, அமாவாசை

இடது கையால் எழுதுகிறேன். வலது உள்ளங்கையில் கொப்புளம். அறுக்கவில்லை.

ஆனி 15, ஞாயிறு

ஊரில் எனக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். சூடக்காரர். இதற்கும் நானே காரணம்.

ராமாத்தாள் பீரோவிலிருந்து சால்வையை எடுத்து மொபட் துடைக்கக் கொடுத்தாள். கேட்காமலே செய்தாள். நல்ல துணி, தண்ணீரை நன்றாக இழுக்கிறது.

ஆனி 16, திங்கள்

கொப்புளத்துக்குக் கத்தாழை வைக்கிறேன் வா என்று அக்கா சொல்லியனுப்பினாள். மத்தியானம் போனேன். சென்னியப்பன் தறிக்குப் போயிருந்தான், அடுத்தவன் கொட்டகைக்குத்தான். அக்கா கத்தாழையைச் சீவிக்கொண்டு வரப் போனாள். நான் வேப்ப மரத்தடியில் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். கட்டிலில் உட்கார மரியாதை மிச்சமில்லை.

தொப்பையன் முகர்ந்துகொண்டே வந்தது. நேராக, முன்பக்கமாக வந்தது. என் தொடையில் சாய்ந்து தூங்கிவிட்டது. இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காதவன் நான், எனக்கும் கண் சொருகியது. தலையை அதன் மேலேயே சாய்த்துக்கொண்டேன். நார் குத்தியது. டம்ளர் இல்லை, கண்ணை வேண்டுமென்று மூடவில்லை, பார்க்க ஒரு ஆளும் இல்லை.

அது மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே சரளை ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. பழைய பேரிங்கில் மண் விழுந்த மாதிரி கரகர என்று. இது எல்லாக் கல்தின்னியிலும் கேட்கும், யாருக்கும் கேட்கும். அதற்குள்ளே, கொஞ்சம் கீழே, உரசாத ஒன்று உருண்டது. நிற்கும், மூச்சு இழுத்ததும் மெதுவாக ஒரு பக்கம் போகும், விட்டதும் திரும்பி வரும். கரகரப்பில்லாமல், புது பேரிங்கில் ஒற்றைக் குண்டு ஓடுவது போல. முப்பது வருடமாகக் காதை வைத்துப் பிழைக்கிறவன் நான். இதில் மட்டும் எனக்குத் தப்பாது. மணி அடித்த மாதிரி இல்லவே இல்லை.

எவ்வளவு நேரம் கேட்டேன் என்று தெரியவில்லை. இவ்வளவு அழகான சத்தத்தை நான் கேட்டதில்லை. தலையைத் தூக்கினால் அக்கா கத்தாழையோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்றும் தெரியவில்லை.

மூன்று நாளைக்கு முன்னால்தான் அம்மன் முன்னால் எனக்கு எதுவும் கேட்டதில்லை என்று அணைத்திருக்கிறேன். அன்றைக்கு அது சத்தியம். இனிமேல் கேட்டுது என்று நான் ஊர் நடுவில் நின்று கத்தினாலும் எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். அக்கா ஒருத்தி நம்புவாள். இருந்தால் பையன் எடுத்துக்கட்டும் என்று சொன்னவள் அவள். அவனுக்குத் தறியும் வேண்டும்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து என் கையை மடியில் வைத்துக் கத்தாழையைத் தடவினாள். குளிர்ச்சியாக இருந்தது.

"ஏண்டா நாச்சி, கேட்டுதா?"

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் இதே கேள்விக்கு ஒரு பொய் சொன்னேன். இன்றைக்கும் ஒன்று சொன்னேன். "இல்லக்கா."

"கணீர்னு? மணி அடிச்சாப்பல?"

"ஒண்ணுமே கேக்கலக்கா."

அவள் துணியைக் கிழித்துக் கையில் சுற்றி முடிச்சுப் போட்டாள். பிறகு குனிந்து தொப்பையனின் வயிற்றை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"நல்லது," என்றாள். "எனக்கும் பத்து வருசமா ஒண்ணுமே கேக்கல."

கொட்டாங்குச்சியில் உருண்டைச் சரளையைப் போட்டு அதன் மூக்குக்கு முன்னால் வைத்துவிட்டு எனக்குக் காப்பி போட உள்ளே போனாள்.

ஆனி 17, செவ்வாய்

நேற்றைய பக்கத்தைக் கிழித்துக் கடை அடுப்பில் போடத்தான் எடுத்தேன். அடியில் 'கசிவில்லாத வாழ்க்கை' என்று போட்டிருந்தது. கிழிக்காமல் அப்படியே மூடி, டைரியைக் கிரீஸ் டப்பாவின் மேல் பழையபடி வைக்கப்போகிறேன். பி.பி. இறங்கியிருக்கிறது.